சி டிரைவ் நிரம்பிவிட்ட பழைய ரெய்டு சர்வர்: இடத்தைக் கூட்டும் முழு வழிகாட்டி

திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியின் கணக்குப் பிரிவிலிருந்து காலை ஒன்பதரைக்குப் போன். “பிரிண்ட் போகமாட்டேங்குதுங்க. கேபிள் எல்லாம் கழட்டி மாட்டிப் பார்த்துட்டோம்.”

பிரிண்டரில் ஒரு கோளாறும் இல்லை. சர்வரின் சி டிரைவில் மிச்சம் இருந்தது 212 எம்பி. அச்சுக்குப் போகிற எதையும் விண்டோஸ் முதலில் சிஸ்டம்32-க்குள் இருக்கும் ஸ்பூல் ஃபோல்டரில் எழுதிவிட்டுத்தான் பிரிண்டருக்குத் தள்ளும். எழுத இடமில்லை, அதனால் பிரிண்ட் இல்லை. ஈவென்ட் வியூவரைத் திறந்து பார்த்தால், டிஸ்க் நிரம்பப் போகிறது என்று சொல்லும் 2013 என்ற எண்ணுள்ள எச்சரிக்கை பல மாதமாக வந்துகொண்டே இருந்திருக்கிறது. படிக்கத்தான் ஆளில்லை.

சர்வர் 2011-ல் வாங்கியது. விண்டோஸ் சர்வர் 2008 ஆர்2. 500 ஜிபி டிஸ்க் இரண்டு, ரெய்டு 1-ல் ஜோடியாக, அதாவது ஒன்றில் எழுதுவது அப்படியே இன்னொன்றிலும் எழுதப்படும். விண்டோஸ் கணக்கில் அது 465 ஜிபி. சி-க்கு 60, மீதி 405 டி-க்கு என்று யாரோ பிரித்துக் கொடுத்துவிட்டுப் போயிருந்தார்கள். டி-யில் பாதிக்கு மேல் காலி. இந்த விண்டோஸுக்குக் குறைந்தபட்சம் 32 ஜிபி போதும் என்று மைக்ரோசாஃப்ட் சொன்ன காலம் அது, 60 தாராளமாகத்தான் தெரிந்திருக்கும். இப்போது அந்த விண்டோஸுக்கான ஆதரவே 2020 ஜனவரி 14-ல் முடிந்துவிட்டது. புது சர்வர் வாங்குங்கள் என்பதுதான் சரியான பதில். ஆனால் “சீசன் முடியட்டும்” என்று முதலாளி சொல்வார். அந்த இடைக்காலத்தை ஓட்டுவதற்குத்தான் இந்த வழிகாட்டி.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சி டிரைவைப் பெரிதாக்குவது பத்து நிமிட வேலை. அந்தப் பத்து நிமிடம் பயமில்லாமல் நடக்க, அதற்கு முன்னால் ஒரு ராத்திரி முழுக்க வேலை இருக்கிறது. கீழே எழுதியிருப்பதில் பெரும்பகுதி அந்த ராத்திரியைப் பற்றியது.

முதலில், இடத்தைத் தின்றது எது?

எந்த ஃபோல்டர் எவ்வளவு இடம் பிடிக்கிறது என்று காட்டும் விஸ்ட்ரீ அல்லது ட்ரீசைஸ் போட்டு, அட்மினிஸ்ட்ரேட்டராக ஓட்டுங்கள். சாதாரணமாக ஓட்டினால் சிஸ்டம் வால்யூம் இன்ஃபர்மேஷன் மாதிரியான ஃபோல்டர்கள் கணக்கில் வராது, “60 ஜிபியில் 35 ஜிபிதான் கணக்குத் தெரிகிறது” என்று குழம்புவீர்கள்.

இந்தத் தலைமுறை சர்வர்களில் அடிக்கடி மாட்டும் திருடன் ஒருவன் உண்டு. விண்டோஸ் ஃபோல்டருக்குள் இருக்கும் டெம்ப்பைத் திறந்து பாருங்கள். “கேப்” என்று தொடங்கி ஓர் எண்ணோடு முடியும் கோப்புகள் வரிசையாக நிற்கலாம். அப்டேட் செய்யும்போது விண்டோஸ் ஒரு பதிவேடு எழுதும், சிபிஎஸ் லாக் என்று பெயர். அது பெருத்ததும் விண்டோஸே அதைச் சுருக்கி கேப் கோப்பாக மடித்து வைக்கும். அந்த லாக் 2 ஜிபியைத் தாண்டிவிட்டால் மடிக்கும் கருவிக்கு முடியாது. பாதியில் தோற்று, அரைகுறைக் கோப்பை டெம்ப்பில் போட்டுவிட்டுப் போகும். அப்புறம் மறுபடி முயலும், மறுபடி தோற்கும், மறுபடி ஒரு கோப்பு. இந்தச் சர்வரில் இதுமட்டும் 9 ஜிபி. விண்டோஸ் மாட்யூல்ஸ் இன்ஸ்டாலர் என்ற சர்வீஸை நிறுத்திவிட்டு, லாக்ஸ் ஃபோல்டருக்குள் இருக்கும் சிபிஎஸ்-ல் அந்தப் பெரிய லாகை அழித்து, டெம்ப்பில் உள்ள கேப் கோப்புகளையும் அழித்தால் தீர்ந்தது. லாகை விட்டுவிட்டு டெம்ப்பை மட்டும் காலி செய்தால் மறுபடி நிரம்பும்.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்கிறேன். விண்டோஸின் வெப் சர்வரான ஐஐஎஸ் ஓடினால் இனெட்பப்-க்குள் அதன் லாகைப் பாருங்கள், அது தானாக அழியாது. ரேம் போதாதபோது விண்டோஸ் பயன்படுத்தும் பேஜ்ஃபைல் சி-யில் பெரிதாக இருந்தால் டி-க்கு மாற்றலாம், ஆனால் சி-யில் ஒரு 1 ஜிபியாவது விட்டுவையுங்கள். சர்வர் நீலத் திரையில் விழும்போது அதன் டம்ப்பை (அந்த நொடியின் நினைவகப் பதிவை) எழுத அங்கேதான் இடம் தேவை. கோப்புகளின் பழைய நிலையைச் சேமித்துவைக்கும் ஷேடோ காப்பி எவ்வளவு பிடித்திருக்கிறது என்று பார்த்து வரம்பு வையுங்கள். சர்வீஸ் பேக் 1 போட்டபோது எடுத்துவைத்த பழைய கோப்புகளை டிஸ்ம் கட்டளையில் எஸ்பி-சூப்பர்சீடெட் என்ற ஸ்விட்ச் (கட்டளையோடு சேர்க்கும் குறி) கொடுத்து நீக்கலாம். நீக்கிய பிறகு அந்தச் சர்வீஸ் பேக்கைக் கழற்ற முடியாது. யாரும் கழற்றப்போவதும் இல்லை.

இரண்டு இடத்தில் மட்டும் கை வைக்காதீர்கள். ஒன்று, வின்எஸ்எக்ஸ்எஸ் ஃபோல்டர். அதன் அளவு பார்க்க மலைப்பாக இருக்கும். அதில் பெரும்பங்கு ஹார்ட் லிங்க், ஒரே கோப்பு இரண்டு இடத்தில் எண்ணப்படுகிறது. இன்னொன்று விண்டோஸ் ஃபோல்டருக்குள் மறைந்திருக்கும் இன்ஸ்டாலர் ஃபோல்டர். அதை அழித்தால் இன்றைக்கு ஒன்றும் ஆகாது. ஆறு மாதம் கழித்து ஒரு மென்பொருளை அப்டேட் செய்யவோ நீக்கவோ போகும்போது வலிக்கும்.

இத்தனையும் செய்து எனக்குக் கிடைத்தது 11 ஜிபி. சர்வர் இன்னும் மூன்று மாதத்தில் ஓய்வு பெறப்போகிறது என்றால் நான் இதோடு எழுந்து போயிருப்பேன். நீங்களும் அப்படியே செய்யுங்கள், மீதியைப் படிக்கவே வேண்டாம். இங்கே சிக்கல் வேறு. கைரேகை வருகைப் பதிவு மென்பொருள் தன் டேட்டாபேஸை சி-யில் வைத்து வளர்த்துக்கொண்டிருந்தது. அதை எழுதிக் கொடுத்தவர் இப்போது போனே எடுப்பதில்லை. ஃபோல்டரை டி-க்கு நகர்த்தி, பழைய இடத்தில் அதைச் சுட்டும் ஜங்ஷன் போட்டு ஏமாற்றலாம்தான். இன்னோர் இடத்தில் அப்படிப் போட்டு, அந்த மென்பொருளின் அடுத்த அப்டேட் ஜங்ஷனையே துடைத்துவிட்டுப் போனதைப் பார்த்தவன் நான். அதனால் சி-யைப் பெரிதாக்குவது என்று முடிவானது.

ஒட்டிய மனை காலியாக இருக்க வேண்டும்

டி-யில் 200 ஜிபிக்கு மேல் சும்மா கிடக்கிறது, அதில் கொஞ்சம் எடுத்து சி-க்குக் கொடுத்தால் போச்சு. எல்லோருக்கும் முதலில் தோன்றுவது இதுதான். டிஸ்க் மேனேஜ்மென்டில் டி மேல் வலது க்ளிக், ஷ்ரிங்க் வால்யூம், 100 ஜிபி. கருப்புப் பட்டையில் “அன்அலொகேட்டட்” என்று அழகாக வந்துவிடும். சி மேல் வலது க்ளிக் செய்தால் எக்ஸ்டெண்ட் வால்யூம் மங்கிப்போய் நிற்கும். கணக்குப் பிரிவில் கொஞ்சம் கம்ப்யூட்டர் தெரிந்த தம்பி ஒருவர் நான் போவதற்கு முன்பே இதைச் செய்து பார்த்திருந்தார்.

காரணம் எளிது. ஷ்ரிங்க் எப்போதும் பார்ட்டிஷனின் (சி, டி என்று பிரித்த பகுதியின்) வலது ஓரத்தைத்தான் வெட்டும். எக்ஸ்டெண்ட், தன் வலது பக்கத்தில் ஒட்டியிருக்கும் காலியிடத்தை மட்டும்தான் எடுக்கும். சி, டி, காலியிடம் என்ற வரிசையில் நடுவில் டி உட்கார்ந்திருக்கிறது. ஒட்டிய மனை காலியாக இருந்தால்தான் வீட்டை இழுத்துக் கட்ட முடியும். இரண்டு மனை தள்ளிக் கிடக்கிற பொட்டல் உங்கள் பெயரிலேயே இருந்தாலும் சுவரை அங்கே நீட்ட முடியாது.

ரெய்டு இருக்கும்போது இன்னோர் அடுக்கும் சேர்கிறது. கீழே நிஜ டிஸ்க்குகள். அதற்கு மேல், அவற்றை ஒன்றாகச் சேர்க்கும் ரெய்டு கார்டு காட்டும் வர்ச்சுவல் டிஸ்க், விண்டோஸுக்குத் தெரிவது இது மட்டும்தான். அதற்கு மேல் பார்ட்டிஷன், அதற்கும் மேல் ஃபைல் சிஸ்டம். பெரிய டிஸ்க் மாட்டினாலும் கார்டு வர்ச்சுவல் டிஸ்க்கைப் பெரிதாக்கினால்தான் விண்டோஸுக்கு இடம் தெரியும். தெரிந்தாலும் அது கடைசியில், டி-க்கு வலப்பக்கம்தான் வரும். ரெய்டைத் தொட்டாலும் தொடாவிட்டாலும் டி-யை நகர்த்தும் வேலை தப்பாது.

டி ஒரு லாஜிக்கல் பார்ட்டிஷனாக (எக்ஸ்டெண்டட் என்ற பெரிய பகுதிக்குள் இருப்பதாக) இருந்தால் அதைச் சுற்றிப் பச்சைக் கட்டம் தெரியும். அப்படியானால் டி-யை அழித்த பிறகும் அந்த இடம் பச்சையில் “ஃப்ரீ ஸ்பேஸ்” என்றுதான் நிற்கும், சி-க்கு உதவாது. அந்தப் பச்சைக் கட்டத்தையும் ஒருமுறை அழித்து, கருப்பாக்க வேண்டும். இதைத் தெரியாமல் ராத்திரி ஒரு மணிக்கு முழிப்பவர்கள் உண்டு.

சர்வர் 2003 இன்னும் ஓடுகிற இடமென்றால், சிஸ்டம் பார்ட்டிஷனை விண்டோஸின் சொந்தக் கருவியால் நீட்டவே முடியாது. 2008-லிருந்துதான் அந்த வசதி, அதுவும் சர்வர் ஓடிக்கொண்டிருக்கும்போதே.

டிஸ்க்குகளுக்கு ஒரு ஹெல்த் செக்கப்

பத்து வருஷத்துக்கு மேல் இடைவிடாமல் சுற்றிய டிஸ்க்கின் மேல் பெரிய வேலை எதையும் கண்ணை மூடிக்கொண்டு தொடங்கக்கூடாது. டெல் சர்வரானால் ஓபன்மேனேஜ், எச்பி ஆனால் அரே கான்ஃபிகரேஷன் யுட்டிலிட்டி, எல்எஸ்ஐ கார்டானால் மெகாரெய்டு ஸ்டோரேஜ் மேனேஜர். எது இருக்கிறதோ அதைத் திறந்து மூன்று விஷயம் பாருங்கள். வர்ச்சுவல் டிஸ்க் “ஆப்டிமல்” என்கிறதா. எந்த டிஸ்க்காவது பிரிடிக்டிவ் ஃபெயிலியர் (சீக்கிரம் பழுதாகும் என்ற எச்சரிக்கை) காட்டுகிறதா, மீடியா எரர் (டிஸ்க்கின் பரப்பில் வரும் பிழை) எண்ணிக்கை எவ்வளவு. கார்டின் பேட்டரி உயிரோடு இருக்கிறதா.

பேட்டரி செத்திருந்தால் கார்டு பெரும்பாலும் ரைட்-த்ரூ முறைக்கு (கேஷில் வைக்காமல் நேராக டிஸ்க்கில் எழுதுவதற்கு) இறங்கியிருக்கும், எழுதும் வேகம் படுத்துவிடும். வேலை ஓடும், ஆனால் உங்கள் நேரக் கணக்கு எல்லாம் தப்பும்.

இந்தச் சர்வரில் ஒரு டிஸ்க் சுத்தம். இன்னொன்றில் மீடியா எரர் 43. இரண்டு டிஸ்க்கும் ஒத்திருக்கின்றனவா என்று பார்க்கும் கன்சிஸ்டென்சி செக் ஓடவிட்டுத் திரும்பிப் பார்த்தபோது 51. எண் பெரிதா சிறிதா என்பதைவிட, ஏறுகிறதா நிற்கிறதா என்பதைத்தான் பார்க்க வேண்டும். ஏறுகிறது என்றால் அந்த டிஸ்க் கிளம்பத் தயாராகிவிட்டது. கன்சிஸ்டென்சி செக்கை எப்போதும் முன்னாலேயே ஓட்டுங்கள். வருஷக்கணக்கில் யாரும் படிக்காத மூலையில் ஒரு பேட் செக்டார் இருந்தால், அது ரீபில்ட், அதாவது மாற்றிய டிஸ்க்கை மறுபடி நிரப்பும் வேலை, நடக்கும் நேரத்தில்தான் வெளியே வரும்.

யாரும் எச்சரிக்காத ஓர் ஆபத்து சர்வரை அணைப்பது. நாள்கணக்கில் சூடாகவே சுற்றிய பழைய டிஸ்க் ஒன்று, அணைத்து ஆறியதும் மறுபடி சுற்ற மறுப்பது நடக்கிற கதைதான். ஆகவே முதல் ஷட்டவுனுக்கு முன்பே பேக்கப் கையில் இருக்க வேண்டும்.

பேக்கப், அப்புறம் இன்னொரு பேக்கப்

ரெய்டு 1 பேக்கப் ஆகாது. தவறாக ஒரு ஃபோல்டரை அழித்தால் இரண்டு டிஸ்க்கிலும் அது ஒரே நொடியில் அழியும்.

எனக்கு இரண்டு வகை வேண்டும். முதலாவது, விண்டோஸ் சர்வர் பேக்கப் கொண்டு எடுக்கும் பேர் மெட்டல் இமேஜ், அதாவது காலி டிஸ்க்கிலும் சர்வரை அப்படியே மீட்கக்கூடிய முழு நகல், சி-யும் டி-யும் சேர்த்து. இரண்டாவது, முக்கியமான டேட்டாவை மட்டும் சாதாரணக் கோப்புகளாக வேறொரு கம்ப்யூட்டரில் காப்பி. இமேஜ் திறக்காமல் போனாலும் டாலி டேட்டா, டேட்டாபேஸ் பேக்கப் இவை தனியாகக் கிடைக்க வேண்டும்.

இமேஜுக்கு வாங்கும் யூஎஸ்பி டிஸ்க் விஷயத்தில் கவனம். 2 டிபி அல்லது அதற்குக் கீழே எடுங்கள். பெரிய டிஸ்க்குகளில் சில, செக்டார் அளவை 4096 பைட் என்று காட்டும், 2008 ஆர்2-வின் பேக்கப் அதை ஏற்காது. இந்த வயது சர்வரில் யூஎஸ்பி 2.0 தான் இருக்கும், நொடிக்கு 30 எம்பி வந்தால் பெரிய விஷயம். சி-யில் 48, டி-யில் 180, ஆக 228 ஜிபி. இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆகும். திருப்பி எடுக்கவும் அதே நேரம். சனிக்கிழமை ராத்திரி ஏழு மணிக்குத் தொடங்க வேண்டிய வேலை இது, ஞாயிறு காலையில் அல்ல.

இமேஜ் முடிந்ததும் விண்டோஸ் டிவிடி போட்டு பூட் செய்து, ரிப்பேர் பக்கத்தில் சிஸ்டம் இமேஜ் ரெகவரி வரைக்கும் போய்ப் பாருங்கள். அந்த யூஎஸ்பி டிஸ்க் தெரிகிறதா, இமேஜின் தேதி தெரிகிறதா, ரெய்டு டிஸ்க் தெரிகிறதா. ரெய்டு டிஸ்க் தெரியாவிட்டால் கார்டின் டிரைவரை ஒரு பென் டிரைவில் வைத்து லோட் செய்ய வேண்டும். இந்த ஒத்திகையை நான் தவிர்ப்பதே இல்லை. ரத்தாகும் என்று நினைத்த கல்யாணத்துக்கு யாரும் பந்தல் போடுவதில்லை, ஆனால் ரெகவரி விஷயத்தில் போட்டே ஆக வேண்டும்.

வழி ஒன்று: டிஸ்க் ஆரோக்கியம், டி மட்டும் தடை

டிஸ்க் இரண்டும் நன்றாக இருந்தால் ரெய்டைத் தொடவே வேண்டாம். டி-யை வெளியே எடுத்து, சி-யை நீட்டி, டி-யைத் திரும்ப வைக்க வேண்டும். அவ்வளவுதான்.

எல்லோரும் போன பிறகு டி-யைப் பயன்படுத்தும் சர்வீஸ்களை நிறுத்துங்கள், எஸ்க்யூஎல் என்ற டேட்டாபேஸ் சர்வர் இருந்தால் அதுவும். நெட்வொர்க் கேபிளைப் பிடுங்கிவிடுவது என் வழக்கம், எங்கோ ஒரு கம்ப்யூட்டரில் யாரோ எக்செல் திறந்து வைத்துவிட்டுப் போயிருப்பார்கள். பேஜ்ஃபைல் டி-யில் இருந்தால் முதலில் அதை நகர்த்தி ரீஸ்டார்ட் செய்யுங்கள், இல்லாவிட்டால் டி அழியாது.

ஷேர் செய்திருக்கும் ஃபோல்டர்களின் பட்டியல் ரெஜிஸ்ட்ரியில் லேன்மேன்சர்வர் என்ற சர்வீஸின் கீழே ஷேர்ஸ் என்ற கீயில் இருக்கிறது. அதை எக்ஸ்போர்ட் செய்து பத்திரப்படுத்துங்கள். டி இல்லாத நேரத்தில் சர்வர் ஒருமுறை எழுந்தால் “அந்த ஃபோல்டரைக் காணோம், ஷேரை உருவாக்க முடியவில்லை” என்று 2511 எண்ணில் புகார் எழுதும். கையில் எக்ஸ்போர்ட் இருந்தால் கவலையில்லை.

காப்பிக்கு, விண்டோஸோடு வரும் ரோபோகாப்பி கட்டளைதான். எக்ஸ்ப்ளோரரில் இழுத்துப் போட்டால் பர்மிஷன் எல்லாம் போய்விடும். உள் ஃபோல்டர் எல்லாம் சேர ஈ என்ற ஸ்விட்ச், பர்மிஷனும் உரிமையாளர் விவரமும் சேர்ந்து வர காப்பி-ஆல், அணுக அனுமதியில்லாத கோப்புகளையும் பேக்கப் உரிமையில் எடுக்க பி. மறக்கக் கூடாதவை ஆர், டபிள்யூ என்ற இரண்டு ஸ்விட்ச், இரண்டுக்கும் 1 என்று மதிப்புக் கொடுங்கள். கொடுக்காவிட்டால், திறக்க முடியாத ஒரே ஒரு கோப்புக்காக ரோபோகாப்பி 30 விநாடி இடைவெளியில் 10 லட்சம் தடவை முயலும். காலையில் வந்து பார்த்தால் முதல் ஃபோல்டரிலேயே நிற்கும். சிஸ்டம் வால்யூம் இன்ஃபர்மேஷனையும் ரீசைக்கிள் பின்னையும் எக்ஸ்டி ஸ்விட்ச் கொடுத்து ஒதுக்குங்கள். டிரைவின் வேரிலிருந்து ஒரு ஃபோல்டருக்குள் காப்பி செய்தால், முடிந்ததும் அந்த ஃபோல்டரே மாயமாகிவிடும். பதற வேண்டாம், டிரைவின் மறைப்புக் குறி அதில் ஒட்டிக்கொண்டது, அவ்வளவுதான். அட்ரிப் கட்டளையால் எடுத்துவிடலாம்.

காப்பியின் முடிவில் வரும் அட்டவணையில் “ஃபெயில்ட்” என்ற பத்தி பூஜ்யமா என்று பாருங்கள். அப்புறம் டி-யை அழியுங்கள், சி மேல் எக்ஸ்டெண்ட். எல்லா இடத்தையும் கொடுக்காதீர்கள், 150 ஜிபி போதும். டிஸ்க் மேனேஜ்மென்ட் முரண்டு பிடித்தால் டிஸ்க்பார்ட்டில் சி-யைத் தேர்ந்து எக்ஸ்டெண்ட் என்று அடிக்கலாம், அளவை எம்பி-யில் சொல்ல வேண்டும். பார்ட்டிஷன் பெரிதாகி, உள்ளே அளவு மட்டும் பழையபடியே காட்டினால் எக்ஸ்டெண்ட் ஃபைல்சிஸ்டம் என்ற கட்டளை இருக்கிறது.

மிச்சத்தில் புது டி, அதே எழுத்து. ரோபோகாப்பியால் திரும்பக் கொண்டுவந்து, ஷேர் ரெஜிஸ்ட்ரியை இம்போர்ட் செய்து, ஒரு ரீஸ்டார்ட்.

வழி இரண்டு: புது டிஸ்க், பழையதைத் தொடாமல்

எனக்கு மீடியா எரர் ஏறிக்கொண்டிருந்ததால் வழி ஒன்று ஒத்துவரவில்லை. பெரிய டிஸ்க் இரண்டு வாங்கச் சொன்னேன்.

வாங்கும்போது கார்டின் எல்லையைப் பாருங்கள். டெல்லின் பெர்க் 6/ஐ போன்ற கார்டுகளுக்கு 2 டிபிக்கு மேல் உள்ள டிஸ்க் ஒத்துவராது. பூட் டிஸ்க் எம்பிஆர் என்ற பழைய பார்ட்டிஷன் முறையில் இருந்தாலும் 2 டிபிக்கு மேல் பயனில்லை. இன்றைய பெரிய டிஸ்க்குகளில் 4கே நேட்டிவ் (செக்டார் 4096 பைட்) என்று எழுதியிருப்பதைப் பழைய கார்டுகள் ஏற்காது. சாட்டா டிஸ்க் இருந்த இடத்தில் சாட்டா, எஸ்ஏஎஸ் இருந்த இடத்தில் எஸ்ஏஎஸ், இரண்டு இணைப்பு வகைகளையும் கலக்காதீர்கள். 1 டிபி இரண்டு எடுத்தோம்.

பலர் சொல்லும் முறை இது: ஒரு பழைய டிஸ்க்கைக் கழற்றி, புதியதை மாட்டி, ரீபில்ட் ஆனதும் அடுத்ததையும் மாற்று. ரெய்டு 1-ல் இது நடக்கும். ஆனால் நலிந்த டிஸ்க்கை ரீபில்டுக்கு மூலமாக வைக்கும் தவறு எளிதாக நேரும். கடைசியில் கூடுதல் இடத்தை வர்ச்சுவல் டிஸ்க்கில் சேர்க்கச் சில பழைய கார்டுகளுக்குத் தெரியாது, தனி டிஸ்க்காகத்தான் கொடுக்கும். அது சி-க்கு உதவாது.

அதனால் இமேஜ் வழி. சர்வரை அணைத்து, பழைய டிஸ்க் இரண்டையும் வெளியே எடுத்து, எந்த ஸ்லாட் என்பதையும் தேதியையும் ஒட்டிவிடுங்கள். இவைதான் நீங்கள் திரும்பிப் போகும் வழி. ஏதாவது கெட்டால் அவற்றையே அதே ஸ்லாட்டில் மாட்டலாம். அப்போது கார்டு “ஃபாரின் கான்ஃபிகரேஷன்” என்று கேட்கக்கூடும். இம்போர்ட் என்று சொல்லுங்கள். க்ளியர் என்று சொன்னால் ரெய்டு விவரமே அழிந்துபோகும்.

புது டிஸ்க்குகளை மாட்டி, பூட் ஆகும்போது கார்டின் மெனுவுக்குள் போங்கள். பெர்க்கில் கன்ட்ரோல்-ஆர், பழைய எச்பி-யில் எஃப்8. புது ரெய்டு 1 உருவாக்கி ஃபாஸ்ட் இனிஷியலைஸ். பிறகு டிவிடியிலிருந்து பூட் செய்து இமேஜைத் திருப்பி ஊற்றுங்கள். ஒத்திகை பார்த்திருப்பதால் இங்கே புதிதாக எதுவும் வராது. எங்களுக்கு நள்ளிரவு தாண்டி விண்டோஸ் எழுந்தது, எதுவுமே நடக்காதது போல, 60 ஜிபி சி-யோடு.

இப்போது டிஸ்க் மேனேஜ்மென்டில் வரிசை இப்படி: 100 எம்பி சிஸ்டம் ரிசர்வ்ட், 60 ஜிபி சி, 405 ஜிபி டி, வலது ஓரத்தில் 466 ஜிபி கருப்புப் பட்டை. டி இன்னும் நடுவில்தான் நிற்கிறது. ஆனால் இந்தத் தடவை யூஎஸ்பி தேவையில்லை. அந்தக் கருப்புப் பட்டையில் ஒரு புது பார்ட்டிஷன் போட்டேன், ஈ என்று எழுத்து. எம்பிஆரில் பிரைமரி நான்கு வரைதான், இதோடு சரியாக நான்கு. சர்வீஸ்களை நிறுத்தி, டி-யிலிருந்து ஈ-க்கு ரோபோகாப்பி, ஒன்றரை மணி நேரம். எண்ணிக்கை சரிபார்த்து, டி-யை அழித்து, ஈ-யின் எழுத்தை டி என்று மாற்றினேன். ஷேர், குறுக்குவழி, டாலி டேட்டா இருக்குமிடம் எல்லாம் எழுத்தை நம்பித்தான் இருக்கின்றன, அவற்றுக்கு வித்தியாசம் தெரியாது.

சி-க்கு வலப்பக்கம் இப்போது 405 ஜிபி பொட்டல். எக்ஸ்டெண்ட் கொடுத்து 140 ஜிபி எடுத்தேன், சி 200 ஆனது. கடிகாரம் பார்த்தால் நாற்பது விநாடி. மீதி 265 ஜிபியை அப்படியே விட்டுவைத்தேன். நாளைக்கு சி மறுபடி நிரம்பினால், போனில் சொல்லியே அந்தத் தம்பியை எக்ஸ்டெண்ட் அழுத்தச் சொல்லலாம்.

நான் செய்யாதவை

மூன்று அல்லது அதற்கு மேல் டிஸ்க் சேர்ந்து, ஒன்று போனாலும் தாங்கும் ரெய்டு 5-ல், நான்காவதாக ஒரு டிஸ்க் சேர்த்து ஆன்லைனிலேயே விரிவாக்குவது பெரும்பாலான கார்டுகளில் உண்டு. சில எச்பி ஸ்மார்ட் அரே கார்டுகளில் அதற்கு பேட்டரியோடு கூடிய கேஷ் மெமரி கட்டாயம். இருக்கும் எல்லா டேட்டாவையும் புது வரிசையில் பிரித்து எழுதும் வேலை அது, டிஸ்க் பெரிதானால் ஒரு நாளையும் தாண்டும். பழைய டிஸ்க்கில் நான் செய்யமாட்டேன். சாதாரண டெஸ்க்டாப் சாட்டா டிஸ்க்கின் விவரத்தாளில், 10-ன் 14-ஆம் அடுக்கு பிட் படித்தால் ஒருமுறை படிக்க முடியாத பிழை வரலாம் என்று இருக்கும். அது 12.5 டிபி. 2 டிபி டிஸ்க் நான்கு உள்ள ரெய்டு 5-ல் ஒன்று போனால் ரீபில்டுக்கு மீதி மூன்றிலிருந்தும் 6 டிபி படித்தாக வேண்டும். நொடிக்கு 100 எம்பி வேகத்தில் ஒரு 2 டிபி டிஸ்க்கை எழுதவே ஐந்தரை மணி நேரம், ஆபீஸ் வேலையும் சேர்ந்தால் இன்னும் அதிகம். நான்கு டிஸ்க்கும் ஒரே நாளில் ஒரே பெட்டியிலிருந்து வந்தவையாக வேறு இருக்கும்.

பார்ட்டிஷனை இடம் நகர்த்தும் மென்பொருள்கள் உண்டு, ஜிபார்ட்டடும் அதைச் செய்யும், இலவசம். டி முழுவதையும் துண்டு துண்டாக வலப்பக்கம் தள்ளும். பாதியில் கரண்ட் போனால் பார்ட்டிஷன் பழைய இடத்திலும் இல்லை, புது இடத்திலும் இல்லை. யூபிஎஸ் பேட்டரியின் வயது தெரியாத ஊரில் இது எனக்கு ஒத்துவராது. மதர்போர்டிலேயே வரும் ரெய்டாக இருந்தால் இன்னும் மோசம். லைவ் சிடியில் ஜிபார்ட்டடைத் திறந்தால் ஜோடியின் இரண்டு டிஸ்க்கும் தனித்தனியாகத் தெரியக்கூடும். ஒன்றில் மட்டும் மாற்றிவிட்டால் இரண்டும் வேறு வேறு கதை சொல்லத் தொடங்கும்.

டைனமிக் டிஸ்க்காக (வால்யூமைப் பல டிஸ்க்கில் பரப்ப விடும் விண்டோஸ் முறைக்கு) மாற்றவா என்று விண்டோஸ் கேட்டால், வேண்டாம். மாற்றிவிட்டு, பூட் வால்யூமை இன்னொரு டிஸ்க்குக்கு நீட்டலாம் என்ற நினைப்பு பலிக்காது. சிஸ்டம் வால்யூமை அப்படி இரண்டு டிஸ்க்கில் பரப்ப முடியாது.

லினக்ஸ் சர்வரில் எல்விஎம் (டிஸ்க் இடத்தை நெகிழ்வாகப் பங்கிடும் அடுக்கு) மேல் ரூட் (நம் சி-க்கு இணையானது) இருந்தால் இந்தப் பக்கத்துமனைப் பிரச்சினையே கிடையாது. வால்யூம் குரூப்பில் இடம் இருந்தால் ஒரே கட்டளைதான். பொறாமைப்பட்டுக்கொள்ளலாம்.

காலையில் பார்க்க வேண்டியவை

சி-யில், டிஸ்க்கைச் சரிபார்க்கும் சிஹெச்கேடிஎஸ்கே கட்டளையைப் படிக்க மட்டும் ஓட்டுங்கள், பிழை இருந்தால் சொல்லும். ஒரு சாதாரண ஊழியரின் கம்ப்யூட்டரிலிருந்து, அவருடைய பெயரில் நுழைந்து, ஷேரைத் திறந்து ஒரு கோப்பைச் சேமித்துப் பாருங்கள். அட்மினிஸ்ட்ரேட்டருக்கு எல்லாம் திறக்கும், அது சோதனையே இல்லை. டி-யில் இருந்த ஷேடோ காப்பி அமைப்பு பழைய பார்ட்டிஷனோடு போயிருக்கும், மறுபடி வைக்க வேண்டும். பேக்கப் வேலை பழைய டி-யின் அடையாளத்தைத் தேடித் தோற்கக்கூடும், அதையும் புதிதாகத் தேர்ந்துவிடுங்கள். ஷெட்யூல் செய்த வேலைகள் ராத்திரி ஓடினவா என்று திங்கள்கிழமை பாருங்கள்.

இடம் 15 ஜிபிக்குக் கீழே போனால் மெயில் அனுப்பும் சின்ன ஸ்கிரிப்ட் ஒன்று போட்டேன். மெயில் கணக்குப் பிரிவுக்குப் போகாமல் எனக்கே வருகிறது.

பழைய டிஸ்க் இரண்டும் “ஸ்லாட் 0”, “ஸ்லாட் 1” என்ற ஸ்டிக்கரோடு, ஆன்டிஸ்டாட்டிக் கவரில், அந்தக் கம்பெனியின் பீரோவில் இருக்கின்றன. மாதக் கணக்கு முடிந்து, ஒரு முழு பேக்கப்பும் புது டிஸ்க்கிலிருந்து வந்த பிறகுதான் அவற்றை அழிக்கலாம் என்று கணக்காளரிடம் எழுதிக் கொடுத்திருக்கிறேன்.